ஃபயர்: ஆங்கிலச் சொல்லும் அதன் உறவுச் சொற்களும்

'ஃபயர்' என்பது தீ, நெருப்பு என்னும் பொருள்களைத் தரும் ஆங்கிலச் சொல்லாகும். இது பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வழங்குகிறது. எரியும் நெருப்பு, தீ விபத்து, துப்பாக்கிச் சூடு, சூளையில் சுடுதல், வேலையிலிருந்து நீக்குதல், உள்ளத்தின் வேகம் எனப் பல பொருள்கள் இதற்கு உண்டு.

தீயோடு தொடர்புடைய ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தவை. அன்றாடப் பேச்சில் வழங்கும் சொற்கள் செருமானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சட்டம், அறிவியல், உணர்ச்சி ஆகியவற்றைக் குறிப்பவற்றுள் பல இலத்தீனிலிருந்தும், மருத்துவம் முதலிய துறைகளின் கலைச்சொற்கள் சில கிரேக்கத்திலிருந்தும் வந்தவை. ஒரு சொல் எந்த ஊற்றைச் சேர்ந்தது என்று தெரிந்தால் அதன் பொருளையும் பயன்படும் இடத்தையும் ஓரளவு ஊகித்துவிடலாம். ஆனால் இந்த ஊகம் தவறினால் உயிருக்கே கேடாக முடியும் இடம் ஒன்று உண்டு. பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரியின் பின்புறத்தில் காணப்படும் 'இன்ஃபிளேமபிள்' என்ற சொல்தான் அது. அச்சொல் இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் தனியே விளக்கப்படுகிறது.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'ஃபூர்' என்பதற்கு நெருங்கிய ஒலியோடு வழங்கியது. செருமன் மொழியின் 'ஃபாயர்', டச்சு மொழியின் 'ஃபூர்' ஆகியவை இதன் உடன்பிறப்புகள். கிரேக்க மொழியில் தீயைக் குறிக்கும் 'பூர்' என்பதும் இதே வேரிலிருந்து கிளைத்ததே. மூல மொழியில் 'ப' என ஒலித்தது செருமானிய மொழிகளில் 'ஃப' ஆக மாறியது. சமற்கிருதத்தின் 'பாதம்' ஆங்கிலத்தில் 'ஃபுட்' எனவும், 'பிதா' என்பது 'ஃபாதர்' எனவும் நிற்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இம்மாற்றம் விளங்கும்.

இந்தோ-ஐரோப்பிய மூல மொழியில் தீக்கு இரண்டு சொற்கள் இருந்தன என்று மொழியியலாளர் கருதுகின்றனர். ஒன்று தீயை உயிரற்ற பொருளாகக் குறித்தது. 'ஃபயர்' அதன் வழி வந்தது. மற்றொன்று தீயை உயிருள்ள ஆற்றலாகக் குறித்தது. இலத்தீனின் 'இக்னிஸ்', சமற்கிருதத்தின் 'அக்னி', லித்துவேனிய மொழியின் 'உக்னிஸ்' ஆகியவை இரண்டாவது சொல்லின் வழி வந்தவை. ஆகவே தமிழில் வழங்கும் 'அக்கினி' என்ற வடசொல்லும், ஆங்கிலத்தில் 'தீமூட்டு' எனப் பொருள்படும் 'இக்னைட்' என்ற சொல்லும் ஒரே வேரின் இரு கிளைகள். தமிழின் 'தீ', 'நெருப்பு' ஆகியவை திராவிடச் சொற்கள். அவற்றுக்கும் இந்த வேர்களுக்கும் தொடர்பில்லை.

'ஃபயர்' என்பதன் பெயரடை 'ஃபயரி' ஆகும். இதன் எழுத்துக்கூட்டலில் மாணவர்கள் அடிக்கடி தவறு செய்வர். 'எஃப், ஐ, இ, ஆர், ஒய்' என்பதே சரியான வரிசை. பழைய காலத்தில் 'ஃபயர்' என்ற சொல்லையே 'எஃப், ஐ, இ, ஆர்' என்றும் எழுதிவந்தனர். பெயர்ச்சொல்லின் எழுத்துக்கூட்டல் பின்னர் மாறிவிட்டது. பெயரடை மட்டும் பழைய வடிவத்திலேயே நின்றுவிட்டது.

தீயின் நிலைகளைக் குறிக்கும் சொற்கள்

தமிழில் பொறி, சுடர், தழல், கங்கு, தணல், நீறு என்று தீயின் ஒவ்வொரு நிலைக்கும் தனிச்சொல் இருப்பதுபோல ஆங்கிலத்திலும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை செருமானியச் சொற்கள்.

ஸ்பார்க்: தீப்பொறி. ஒரு சண்டைக்கோ புரட்சிக்கோ உடனடித் தூண்டுதலாக அமைந்த நிகழ்ச்சியையும் குறிக்கும்.

கிண்டில்: சிறு சுள்ளிகளைக் கொண்டு மெல்லத் தீ மூட்டுதல். ஆர்வத்தைத் தூண்டுதலையும் குறிக்கும். பழைய நோர்சு மொழியிலிருந்து வந்தது. அமேசான் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட மின்னூல் கருவிக்கு இச்சொல்லே பெயராயிற்று.

ஃபிளேம்: தீச்சுடர், தீக்கொழுந்து. இது மட்டும் இலத்தீன் வழி வந்த சொல்.

பிளேஸ்: கொழுந்துவிட்டு எரியும் பெருந்தீ. செய்தித்தாள் தலைப்புகளில் தீ விபத்தைக் குறிக்க மிகுதியாக வருவது.

ஸ்மோல்டர்: சுடர் இல்லாமல் உள்ளுக்குள் கனன்று புகைதல். அடக்கி வைத்த கோபத்துக்கும் பயன்படும்.

எம்பர்: சுடர் அடங்கியபின் எஞ்சும் கங்கு, தணல்.

ஆஷ்: சாம்பல், நீறு.

சுட்: சமையலறைச் சுவரிலும் புகைபோக்கியிலும் படியும் புகைக்கரி.

சிஞ்ச், ஸ்கார்ச், சார்: இம்மூன்றும் எரிதலின் அளவைக் காட்டுபவை. முடியின் நுனி மட்டும் பொசுங்கினால் 'சிஞ்ச்'. இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் துணியின் மேற்பரப்பு பழுப்பேறினால் 'ஸ்கார்ச்'. மரக்கட்டை கரியாகிவிட்டால் 'சார்'.

தமிழ்நாட்டு ஆங்கில நாளேடுகளில் அடிக்கடி வரும் 'கட்டட்' என்ற சொல்லையும் இங்குக் குறிப்பிடலாம். குடல் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த இது, வெளிச்சுவர் நின்றிருக்க உட்புறம் முழுவதும் எரிந்து அழிந்த கட்டடத்தையே முதலில் குறித்தது. இந்திய வழக்கில் குடிசை, வாகனம் என எது முற்றாக எரிந்தாலும் இச்சொல் பயன்படுகிறது.

வாக்கியத்தில் பயன்பாடு

பொதுவாக நெருப்பு என்ற பொருளைச் சொல்லும்போது 'ஃபயர்' என்பதற்கு முன் 'எ' என்ற சுட்டு வராது. குறிப்பிட்ட ஒரு தீயையோ தீ விபத்தையோ சொல்லும்போது 'எ ஃபயர்' என வரும். 'தீ விபத்து' என்பதை அப்படியே மாற்றி 'ஃபயர் ஆக்சிடென்ட்' என்பது இந்திய ஆங்கில வழக்கு. பிரித்தானிய, அமெரிக்க வழக்குகளில் 'எ ஃபயர்' என்பதே போதும்.

மூன்று தொடர்களுக்கு இடையிலான வேறுபாடு தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படுகிறது. 'கேட்ச் ஃபயர்' என்றால் தானே தீப்பற்றிக்கொள்ளுதல். 'செட் ஃபயர் டு' என்றால் ஒருவர் தீ வைத்தல். 'ஆன் ஃபயர்' என்றால் எரிந்துகொண்டிருக்கும் நிலை. மட்டைப்பந்து வருணனையில் ஓர் ஆட்டக்காரர் 'ஆன் ஃபயர்' என்று சொன்னால் அவர் அன்று வெளுத்து வாங்குகிறார் என்று பொருள்.

விளக்கு, அடுப்பு, மெழுகுவத்தி ஆகியவற்றை ஏற்றுவதற்கு 'ஃபயர்' என்ற வினையைப் பயன்படுத்தக் கூடாது; 'லைட்' என்பதே உரியது. அணைப்பதற்கு 'புட் அவுட்' என்பது பேச்சு வழக்கு. 'எக்ஸ்டிங்குவிஷ்' என்பது எழுத்து வழக்கு. தீயணைப்புக் கருவியின் பெயரான 'எக்ஸ்டிங்குவிஷர்' இதிலிருந்து வந்ததே.

சுடுதல்: மண்ணும் துப்பாக்கியும்

வினைச்சொல்லாக வரும்போது 'ஃபயர்' என்பது தமிழின் 'சுடு' என்ற வினையோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது. பச்சை மண்ணாலான பானையையும் செங்கல்லையும் சூளையில் வைத்துச் சுடுவது ஆங்கிலத்தில் 'ஃபயரிங்'. துப்பாக்கியால் சுடுவதும் 'ஃபயரிங்'. தமிழிலும் இரண்டுக்கும் 'சுடுதல்' என்ற ஒரே சொல்தான். இரு மொழிகளும் ஒன்றையொன்று பாராமல் தனித்தனியே இந்தப் பாதையில் சென்றிருக்கின்றன.

துப்பாக்கிக்கு இச்சொல் வந்த காரணம் எளியது. தொடக்ககாலத் துப்பாக்கிகளில் விசையை இழுத்த உடனே தோட்டா வெடிக்கும் அமைப்பு இல்லை. குழலின் பின்பகுதியில் இருந்த சிறு துளையில் மருந்தை இட்டு, கனன்றுகொண்டிருக்கும் திரியால் அதைப் பற்றவைத்தனர். ஆகவே சுடுவதற்கான கட்டளையே 'தீ கொடு' என்னும் பொருளில் அமைந்தது. பின்னர் அது சுருங்கி 'ஃபயர்' என்று மட்டும் நின்றது. வில்லில் தீ வைப்பதில்லை என்பதால், அம்பு எய்வதற்கு இக்கட்டளை பொருந்தாது. பழங்காலப் போரைக் காட்டும் திரைப்படங்களில் தளபதி வில்லாளிகளை நோக்கி 'ஃபயர்' என்று கத்துவது காலவழு ஆகும்.

போர் தொடர்பான கூட்டுச் சொற்கள் இதிலிருந்து கிளைத்தன. 'சீஸ்ஃபயர்' என்பது போர்நிறுத்தம். 'கிராஸ்ஃபயர்' என்பது இரு பக்கத்திலிருந்தும் பாயும் குண்டுகளுக்கு இடையில் அகப்படும் நிலை. 'மிஸ்ஃபயர்' என்பது வெடிக்காமல் போதல். 'ஃபிரெண்ட்லி ஃபயர்' என்பது சொந்தப் படையின் குண்டு தவறுதலாகத் தன் படையினர் மேலேயே பாய்வது. பெயரில் 'நட்பு' இருந்தாலும் விளைவு சாவுதான்.

வேலையிலிருந்து நீக்குவதற்கு 'ஃபயர்' என்று சொல்வது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியது. 'டிஸ்சார்ஜ்' என்ற சொல்லுக்குத் துப்பாக்கியைச் சுடுதல், பணியிலிருந்து விடுவித்தல் என இரு பொருள் உண்டு. அதை வைத்துப் பிறந்த சொல்விளையாட்டே இது எனக் கருதப்படுகிறது. வேலை இழந்தவர் நேர்காணலில் இச்சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். 'ஃபயர்ட்' என்றால் தவறு செய்ததற்காகவோ திறமைக்குறைவுக்காகவோ நீக்கப்பட்டவர் என்ற பொருள் தொனிக்கும். நிறுவனம் ஆட்குறைப்பு செய்ததால் வேலை இழந்தவர் 'லெய்டு ஆஃப்' என்று சொல்ல வேண்டும். 'சீட்டைக் கிழித்துவிட்டார்கள்' என்பதற்கும் 'ஆள் குறைத்துவிட்டார்கள்' என்பதற்கும் இடையே தமிழில் உள்ள வேறுபாடே இது.

இலத்தீன் வழிச் சொற்கள்

இலத்தீனில் தீயோடும் எரிதலோடும் தொடர்புடைய பல சொற்கள் இருந்தன. அவற்றுள் பலவும் ஆங்கிலத்தில் குடும்பம் குடும்பமாகக் குடியேறியுள்ளன.

'இக்னிஸ்' என்பதிலிருந்து தீமூட்டுதலைக் குறிக்கும் 'இக்னைட்', வாகனத்தின் எரிபொறி அமைப்பான 'இக்னிஷன்', பள்ளிப் புவியியலில் தீப்பாறை எனப்படும் 'இக்னியஸ்' பாறை ஆகியவை வந்தன. சதுப்பு நிலங்களில் இரவில் மின்னி மறையும் ஒளிக்கு இலத்தீனில் 'மூடத்தீ' என்னும் பொருளில் 'இக்னிஸ் ஃபேட்டுவஸ்' என்று பெயர். தமிழகத்தில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சப்பட்டதும் இத்தகைய ஒளியே. மட்கும் தாவரங்களிலிருந்து வெளிப்படும் வாயுக்கள் இதற்குக் காரணம் என்பது அறிவியல் விளக்கம்.

'ஃபிளாம்மா' என்பதிலிருந்து 'ஃபிளேம்', 'இன்ஃபிளேம்', 'இன்ஃபிளமேஷன்' ஆகியவை வந்தன. உடலில் ஓரிடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிப்பதே 'இன்ஃபிளமேஷன்'. இதற்குத் தமிழ் மருத்துவக் கலைச்சொல் 'அழற்சி'. அழல் என்றால் நெருப்பு. ஆக, இரு மொழிகளும் அந்த நோய்நிலையை உடலில் பற்றிய தீயாகவே கண்டிருக்கின்றன. பகட்டான தோற்றத்தைக் குறிக்கும் 'ஃபிளம்பாயன்ட்' என்பதும் பிரெஞ்சு வழியாக இதே குடும்பத்திலிருந்து வந்தது. கோடையில் மரம் முழுவதும் சிவப்பாகப் பூத்து நிற்கும் செம்மயில்கொன்றைக்கு ஆங்கிலத்தில் இப்பெயரும் உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை 'ஃபிளேம் லில்லி' என்பர். அதன் இதழ்கள் மேல்நோக்கி நெளியும் தீக்கொழுந்துபோல் இருப்பதே காரணம்.

'இன்செண்டெரே' என்றால் கொளுத்துதல். இதிலிருந்து வந்த 'இன்சென்ஸ்' என்ற சொல்லில் முதல் அசையை அழுத்திச் சொன்னால் சாம்பிராணி, ஊதுபத்தி போன்ற நறும்புகைப் பொருள். இரண்டாம் அசையை அழுத்திச் சொன்னால் கடுங்கோபமூட்டுதல். தீ மூட்டும் குண்டையும், கலகம் மூட்டும் பேச்சையும் குறிக்கும் 'இன்சென்டியரி' இதன் மற்றொரு கிளை. 'ஆர்டெரே' என்றால் எரிதல். அதிலிருந்து பேரார்வம் கொண்ட என்னும் பொருளில் 'ஆர்டன்ட்' என்பதும், வேண்டுமென்றே தீ வைக்கும் குற்றத்தைக் குறிக்கும் 'ஆர்சன்' என்பதும் வந்தன. 'கிரமாரே' என்பதிலிருந்து பிணத்தை எரியூட்டலைக் குறிக்கும் 'கிரிமேஷன்' வந்தது. புகை எனப் பொருள்படும் 'ஃபூமுஸ்' என்பது 'பெர்ஃப்யூம்' என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கிறது. இன்று தெளித்துக்கொள்ளும் வாசனைத் திரவியமாக இருப்பது, ஒரு காலத்தில் புகை வழியே பரவிய மணமாக இருந்தது.

அடுப்பிலிருந்து பிறந்த சொற்கள்

இலத்தீனில் 'ஃபோகஸ்' என்றால் வீட்டின் அடுப்பு. நெருப்பைக் குறித்த பழைய 'இக்னிஸ்' பேச்சு வழக்கில் மறைய, அடுப்பின் பெயரே நெருப்புக்கும் பெயரானது. பிரெஞ்சின் 'ஃப', இத்தாலியத்தின் 'ஃபுவோகோ', எசுப்பானியத்தின் 'ஃபுவேகோ' ஆகியவை இவ்வாறு உருவானவை.

வானியல் அறிஞர் யோகான்னசு கெப்ளர் 1604-இல் ஒளியியல் பற்றிய தம் நூலில், கதிர்கள் ஒன்றுசேரும் புள்ளியைக் குறிக்க 'ஃபோகஸ்' என்ற சொல்லைக் கையாண்டார். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்தால் காகிதம் எரியும் அந்தப் புள்ளியை நினைத்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். குவியம் என்னும் கலைச்சொல்லாகவும், கவனத்தைக் குவித்தல் என்னும் பொதுச்சொல்லாகவும் இன்று வழங்குவது அந்த அடுப்புதான். எரிபொருளைக் குறிக்கும் 'ஃபியூவல்', அரங்கின் முன்கூடத்தைக் குறிக்கும் 'ஃபாயே' ஆகியவையும் அதே அடுப்பிலிருந்து வந்தவை.

ஊரடங்கைக் குறிக்கும் 'கர்ஃபியூ' என்ற சொல்லுக்குள்ளும் தீ இருக்கிறது. பழைய பிரெஞ்சு மொழியில் 'தீயை மூடு' என்பது இதன் பொருள். இடைக்கால ஐரோப்பிய நகரங்களில் வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. கூரைகள் வைக்கோலால் ஆனவை. இரவில் ஓர் அடுப்பில் விட்ட தீ தெருவையே அழித்துவிடும். எனவே மாலையில் மணி அடித்ததும் எல்லோரும் அடுப்பை மூடிவிட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. தீயை மூடும் வழக்கம் மறைந்தபின், வெளியில் நடமாடக் கூடாது என்ற பகுதி மட்டும் சொல்லில் எஞ்சியது. இந்தியாவில் 2020 மார்ச் 22 அன்று கடைப்பிடிக்கப்பட்ட மக்கள் ஊரடங்கின் ஆங்கிலப் பெயரிலும் இச்சொல்லே இடம்பெற்றது.

கிரேக்க வழிச் சொற்கள்

'பூர்' என்ற கிரேக்கச் சொல் ஆங்கிலத்தில் 'பைர்', 'பைரோ' என்ற வடிவங்களில் வருகிறது. 'பைர்' என்றால் ஈமச்சிதை. வாணவேடிக்கைக் கலை 'பைரோடெக்னிக்ஸ்'. தீ வைக்கத் தூண்டும் மனநோய் 'பைரோமேனியா'. எஃகோடு உரசினால் தீப்பொறி பறக்கும் என்பதால் ஒரு கனிமத்துக்கு 'பைரைட்' என்று பெயர் வந்தது. பார்ப்பதற்குப் பொன்போல் மின்னி ஏமாற்றுவதால் அதற்கு 'முட்டாளின் தங்கம்' என்ற பெயரும் உண்டு.

கிரேக்கர் காய்ச்சலையும் தீயின் பெயராலேயே குறித்தனர். எனவே காய்ச்சலைத் தணிக்கும் மருந்து 'ஆன்டிபைரெடிக்' எனப்படுகிறது. பாராசிட்டமால் இவ்வகையைச் சேர்ந்தது. மருந்தட்டையிலோ மருந்துச் சீட்டிலோ 'பைரெ' என்ற பகுதியைக் கண்டால் அது காய்ச்சலோடு தொடர்புடையது என்று அறியலாம்.

கூட்டுச் சொற்கள்

1666 செப்டம்பர் 2 அன்று இலண்டனின் புட்டிங் லேன் தெருவிலிருந்த ஒரு ரொட்டிக் கடையில் தொடங்கிய தீ, சில நாள்களில் சுமார் 13,200 வீடுகளை அழித்தது. 'கிரேட் ஃபயர்' என்று வரலாற்றில் பெயர் பெற்ற இதன்பின் தீக் காப்பீடு என்னும் 'ஃபயர் இன்சூரன்ஸ்' வளர்ந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் தாங்களே தீயணைப்புப் படைகளை வைத்திருந்தன. அவையே பிற்காலத்து 'ஃபயர் பிரிகேட்' என்னும் அமைப்புக்கு முன்னோடி.

கணினித் துறையில் வழங்கும் 'ஃபயர்வால்' உண்மையான சுவரிலிருந்தே வந்தது. ஒரு பகுதியில் பற்றிய தீ அடுத்த பகுதிக்குப் பரவாதபடி கட்டப்படும் தடுப்புச் சுவருக்கு அப்பெயர். பின்னர் வாகனத்தின் எந்திரத்துக்கும் பயணிகளுக்கும் இடையிலுள்ள தடுப்புக்கு வழங்கி, 1980-களில் கணினி வலையமைப்புக்கு வந்தது.

'பான்ஃபயர்' என்பது விழாக்களில் திறந்தவெளியில் மூட்டப்படும் பெருந்தீ. கார்த்திகைத் திருநாளின் சொக்கப்பனையை ஆங்கிலத்தில் விளக்குவோர் இச்சொல்லையே ஆள்வர். 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், 'நல்ல' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது வந்ததாகக் கருதினார். ஆனால் 15-ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் இது 'எலும்புத் தீ' என்பதன் திரிபு என்று காட்டுகின்றன.

'ஃபயர்ஃபிளை' என்பது மின்மினி. பெயரில் ஈ இருந்தாலும் அது வண்டினத்தைச் சேர்ந்தது. 'ஃபயர்பிராண்ட்' என்றால் கொள்ளிக்கட்டை. அனல் பறக்கப் பேசும் அரசியல்வாதியையும் குறிக்கும்.

மரபுத்தொடர்கள்

சில தொடர்களுக்குத் தமிழில் நேர் இணை உண்டு. புகை இருந்தால் நெருப்பும் இருக்கும் என்னும் ஆங்கிலப் பழமொழி 'நெருப்பில்லாமல் புகையாது' என்பதே. 'ஆட் ஃபியூவல் டு தி ஃபயர்' என்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தல். 'ஸ்பிரெட் லைக் வைல்ட்ஃபயர்' என்பது காட்டுத்தீ போலப் பரவுதல். 'பிளே வித் ஃபயர்' என்பது நெருப்போடு விளையாடுதல்.

வேறு சில, பார்வைக்கு ஒத்திருந்தாலும் பொருளில் வேறுபடுபவை. 'ஃபயர் இன் தி பெல்லி' என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் வயிற்றில் நெருப்பு என்று வரும். தமிழில் 'வயிற்றெரிச்சல்' என்றால் பொறாமை அல்லது ஆற்றாமை. 'வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருத்தல்' என்றால் ஓயாத கவலை. ஆங்கிலத் தொடரோ சாதிக்கத் துடிக்கும் வேகத்தைப் பாராட்டுவது. 'பேக்ஃபயர்' என்பதும் தனித்து நோக்கத்தக்கது. பரவிவரும் காட்டுத்தீயின் பாதையில் முன்கூட்டியே புல்லை எரித்து, அத்தீக்கு இரை இல்லாமல் செய்யும் உத்திக்கும், எந்திரத்தின் உள்ளே எரிபொருள் தவறான நேரத்தில் வெடிப்பதற்கும் இச்சொல் வழங்குகிறது. போட்ட திட்டம் போட்டவருக்கே கேடாக முடிதல் என்பது இன்றைய பொதுப்பொருள்.

உயிரோடு தொடர்புடைய குழப்பம்

'இன்' என்ற முன்னொட்டு ஆங்கிலத்தில் இரு வகைப்படும். 'இன்விசிபிள்', 'இன்கரெக்ட்' போன்றவற்றில் அது எதிர்மறை: காணமுடியாத, சரியல்லாத. 'இன்ஹேல்', 'இன்சர்ட்' போன்றவற்றில் அது 'உள்ளே' என்று பொருள்படும். 'இன்ஃபிளேமபிள்' என்பதில் இருப்பது எதிர்மறை அன்று. 'தீ மூட்டு' எனப் பொருள்படும் 'இன்ஃபிளேம்' என்ற வினையோடு 'ஏபிள்' சேர்ந்து, எளிதில் தீப்பற்றக்கூடியது என்ற பொருள் பிறந்தது. ஆனால் இதை 'இன்' சேர்ந்த 'ஃபிளேமபிள்' என்று பிரித்துப் படிப்பவர், தீப்பற்றாதது என்று நேர்மாறாகப் புரிந்துகொள்வார். உண்மையில் 'ஃபிளேமபிள்', 'இன்ஃபிளேமபிள்' இரண்டுக்கும் ஒரே பொருள்தான்.

இந்த ஆபத்தை உணர்ந்த அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 1920-களில் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃபிளேமபிள்' என்ற சொல்லையே பயன்படுத்துமாறு வலியுறுத்தியது. பின்னர் பிற நாடுகளும் அவ்வழியில் சென்றன. எனினும் இந்தியச் சாலைகளில் ஓடும் டேங்கர் லாரிகளில் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்ற வாசகத்தை இன்றும் காணலாம். தீப்பற்றாத பொருளைக் குறிக்கும் சரியான சொல் 'நான்-ஃபிளேமபிள்' என்பதாகும்.

இதனோடு தொடர்புடைய 'கம்பஸ்டிபிள்' என்பதும் எரியக்கூடியது என்றே பொருள்படும். ஆயினும் தொழில்நுட்ப வழக்கில் எளிதில் பற்றுவது 'ஃபிளேமபிள்', சற்றுச் சூடேறினால்தான் பற்றுவது 'கம்பஸ்டிபிள்' எனப் பிரிப்பதுண்டு. ஒரு திரவத்தின் ஆவி, பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு 'ஃபிளாஷ் பாயின்ட்' என்று பெயர். பெட்ரோலுக்கு இது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ். அதனால்தான் எந்தப் பருவத்திலும் பெட்ரோல் நிலையத்தில் ஒரு பொறிகூடக் கூடாது. இந்தியப் பெட்ரோலிய விதிகள் 23 பாகைக்குக் கீழ் இருப்பவற்றை 'ஏ' வகுப்பு என்றும், 23 முதல் 65 பாகைக்குள் இருப்பவற்றை 'பி' வகுப்பு என்றும், 65 முதல் 93 பாகைக்குள் இருப்பவற்றை 'சி' வகுப்பு என்றும் பிரிக்கின்றன. பெட்ரோல் 'ஏ' வகுப்பு. டீசல் 'பி' வகுப்பு.

'ஃபயர்ப்ரூஃப்' என்ற சொல்லையும் எழுத்துப்படி நம்பக் கூடாது. தீயே அண்டாத பொருள் என்று அது சொன்னாலும், நடைமுறையில் பெரும்பாலான பொருள்கள் குறிப்பிட்ட நேரம் வரையே தாங்கும். எனவே 30 நிமிடம், 60 நிமிடம் என்று தாங்கும் நேரத்தோடு சொல்லப்படும் 'ஃபயர் ரெசிஸ்டன்ட்' என்பதே துல்லியமானது. 'ஃபயர் ரிடார்டன்ட்' என்பது தீ பரவும் வேகத்தைக் குறைக்கும் வேதிப்பொருள். அது தீயைத் தடுத்து நிறுத்திவிடும் என்று கொள்ளக் கூடாது.

தீயணைப்புக் கருவியின் மேல் உள்ள எழுத்துகளும் நாட்டுக்கு நாடு மாறுபடும். இந்திய, ஐரோப்பிய முறைகளில் 'ஏ' என்பது மரம், துணி, காகிதம் போன்ற திடப்பொருள் தீ; 'பி' என்பது எண்ணெய், பெட்ரோல் போன்ற திரவத் தீ; 'சி' என்பது வாயுத் தீ; 'டி' என்பது உலோகத் தீ. அமெரிக்க முறையில் 'சி' என்பது மின்சாரத் தீயைக் குறிக்கும். எண்ணெய்ச் சட்டியில் பற்றிய தீயில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் தெறித்துத் தீ பரவும் என்பதால், எழுத்தைப் படித்துக் கருவியைத் தேர்வது முதன்மையானது.

வேதிப்பொருள் குப்பிகளில் செஞ்சதுரத்துக்குள் வெறும் தீச்சுடர் வரையப்பட்டிருந்தால் அப்பொருள் எளிதில் தீப்பற்றும். வட்டத்தின் மேல் தீச்சுடர் வரையப்பட்டிருந்தால் அது பிற பொருள்களை வேகமாக எரியச் செய்யும் ஆக்சிசனேற்றி. மொழி தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உலக அளவில் இக்குறியீடுகள் ஏற்படுத்தப்பட்டன. சொல்லில் ஐயம் எழும்போது படத்தைப் பார்ப்பதே பாதுகாப்பானது. இந்தியாவில் தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணிலும், அனைத்து அவசர உதவிக்குமான 112 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.